சொட்டாத காலை

என் தொழிலே சொட்டு.
பாலக்கோட்டிலிருந்து மாரண்டஹள்ளி வரை
தக்காளிக் காட்டுக்கெல்லாம் குழாய் விரித்தவன்.
துளைக்கு மணிக்கு நாலு லிட்டர்.
எது அடைத்தது, எந்த இணைப்பில் ஒழுகுகிறது என்று
ஈரத்தை மிதித்தே சொல்லிவிடுவேன்.

என் கார்தான் மானத்தை வாங்கியது.

இரண்டாயிரத்து மூன்று மாடல் ஹோண்டா சிட்டி,
கிளட்ச் மிதி இல்லாதது.
ஓசூரில் ஒரு பல் டாக்டர் விற்றது.
இடது முட்டியில் ஸ்டீல் வைத்த பிறகு
வேறு வண்டி எனக்கு ஆகாது.

ராத்திரி ஒரு தக்காளி அட்டைப்பெட்டியைப் பிரித்து
வண்டிக்கு அடியில் தள்ளுவேன்.
சக்கரம் நின்ற இடத்தை மார்க்கரில் வட்டமிடுவேன்.
விடிந்து இழுத்தால்
வலப்பக்கம் பச்சை, ஒரு ரூபாய் அகலம்:
ரேடியேட்டர்.
நடுவில் சிவப்பு, விரலில் வழவழக்கும்:
கியர் பாக்ஸ்.
நிறமே இல்லாத ஈரம் ஏசியுடையது,
அதன் மேல் குற்றமில்லை.
தேதி போட்டு அட்டைகளை அடுக்கினேன்.
"வண்டிக்கு ஜாதகம் எழுதறீங்களா?" என்றாள் சௌந்தரி.

ஹோஸ் கிளிப்பை இறுக்கினேன், பச்சை நின்றது.
ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர், சிவப்பும் நின்றது.
ஆடிப் பதினெட்டு காலையில் அட்டை
மண்டிக்காரன் பெயர்கூடக் கலையாமல் வந்தது.
எனக்கு நானே ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள், அஞ்செட்டி மலைப்பாதை.
எஞ்சின் இரைகிறது, வண்டி ஏறவில்லை.
டி-யில் போட்டால்
மூன்று எண்ணும்வரை யோசிக்கிறது,
பிறகு முதுகில் உதைத்தாற்போல் ஒரு குதி.
சூட்டு ஊசி பாதியைத் தாண்டி எட்டிப் பார்க்கிறது.
ரிசர்வ் டப்பா காலி.
குனிந்து தரையைத் தடவினேன்.
காய்ந்த செம்மண்.

இரண்டு லிட்டர்.
எங்கே போயிற்று?

வயலில் என்றால் உடனே சொல்லியிருப்பேன்,
மண்ணுக்கு அடியில் தோண்டிப் பாருங்கள் என்று.

"கயிறு கட்டி இழுக்காதீங்க சார், மிச்சமும் போயிடும்,"
போனில் கத்தினார் மகபூப்.
ஒரு மினி லாரி மேல்,
வெற்றுக் கூடைகளோடு கூடையாக,
கிருஷ்ணகிரிக்கு வந்து இறங்கியது என் கார்.

பானட்டைத் தொடும் முன் கேட்டார்,
"கீழே ஒழுவுதா?"
"நின்னுடுச்சு. மூணு நாளாச்சு."
சொன்னதில் கொஞ்சம் பெருமை இருந்தது.
அவர் சிரிக்கவில்லை.

எஞ்சினைச் சூடேற்றி, அணைத்து,
ஒரு நிமிடத்துக்குள்
அளவுக் குச்சியை உருவி வெள்ளைத் துணியில் இழுத்தார்.

சிவப்பில்லை.
ரோஸ்மில்க்.
பஸ் ஸ்டாண்டு கடையில் பாட்டிலில் நிற்குமே,
அதே நிறம், அதே நுரை.
முகர்ந்தேன், லேசாக இனித்தது வாசம்.
"விஷம் சார். வாய்ல வெச்சுடாதீங்க."

ரேடியேட்டரின் அடித்தொட்டிக்குள்
இன்னொரு குழாய் ஓடுகிறதாம்.
கியர் பாக்ஸின் கொதிக்கும் எண்ணெய்
அதில் போய் ஆறித் திரும்புமாம்.
இரண்டுக்கும் நடுவே ஒரு தகடு,
இருபது வருடமாய்த் தண்ணீரில் நின்றது.
குண்டூசி முனையளவு போதும்.
வெளியே வந்துகொண்டிருந்தவரை அட்டையில் எழுதினேன்.
உள்ளே போனதற்குத் தேதியில்லை.

"கிளட்ச் தகட்டுல ஒட்டின பசை தண்ணி பட்டா விட்ரும்.
மூணு வாட்டி கழுவறேன்,
வெளியே தனியா ஒரு கூலர் வெக்கறேன்.
அப்பவும் வழுக்குனா..."
பதினேழாம் நம்பர் ஸ்பானரைத் தேடப் போய்விட்டார்,
அது அவர் சட்டைப்பையில் இருந்தது.

முதல் கழுவலில் பக்கெட் நிறைய ரோஸ்.
இரண்டாவதில் வெளிறிய ரோஸ்.
மூன்றாவதில், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், ஒரு இழை.
நாலாவதற்கு அவர் காசு கேட்கவில்லை.

இன்று காலை அட்டையை இழுத்தேன்.
இடது ஓரத்தில், புதுக் கூலரின் இணைப்புக்கு நேர் கீழே,
ஒரு பொட்டு. சிவப்பு.
கலங்காத சிவப்பு.

"மறுபடி ஒழுவுதுங்க," என்றாள்.
"ஆமா," என்றேன்.
இதற்கு ஏன் சிரிக்கிறேன் என்று அவள் கேட்கவில்லை.

டி-யில் போட்டேன்.
இரண்டு எண்ணும்வரை யோசித்தது.